யாருடையதும் அல்லாத இரத்தம்

எல் ஆல்ட்டோ. நாலாயிரத்து நூறு மீட்டர் உயரம்.
இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்,
தேநீர்தான் ஒருநாளும் சுடாது.

அதிகாலை நாலரை.
குளிர்பெட்டியிலிருந்து மூன்று குப்பிகள்:
குறைவு, நடு, மிகுதி.
கால்மணி நேரம் மேசையில் கிடக்கட்டும்.
ஹீட்டரிடம் கொண்டுபோனால் கெட்டுவிடும்.
பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி
எட்டு முறை தலைகீழாக்குவேன்,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல.
குலுக்கினால் அணுக்கள் உடையும்.

இந்த இரத்தத்துக்குப் பெயரில்லை,
படுக்கை எண் இல்லை,
வாசலில் போர்வை சுற்றி நிற்கும் கணவன் இல்லை.
எங்கோ கடலோரத் தொழிற்சாலையில்
பதம் செய்து அனுப்பியது.
இதன் எண்கள் எனக்கு முன்பே தெரியும்.
தெரிந்ததைத்தான் முதலில் கேட்கிறேன் இயந்திரத்திடம்,
தெரியாததை அது சொல்லி நான் நம்புவதற்கு முன்.

சுவரில் வரைபடம்.
நடுவே ஒரு கோடு, இருபுறமும் வேலி.
இன்றைய ஹீமோகுளோபின் புள்ளி வேலிக்குள்தான்.
ஆனால் எட்டு நாளாக நடுக்கோட்டுக்குக் கீழேயே,
லாமா மந்தை
ஒரே சரிவில் மேய்வதுபோல.

முன்பொரு மார்ச்சில்
வேலிக்கு வெளியே விழுந்தது ஒரு புள்ளி.
திரும்ப ஓட்டினேன். திரும்ப.
நாலாம் முறை உள்ளே வந்தது.
அதை மட்டும் எழுதினேன்.
அன்று வெளியே போன நாற்பத்திரண்டு தாள்களில்
எது பொய் என்று இன்றும் தெரியாது.
யாரும் கேட்கவில்லை.
கேட்காததுதான் உறுத்துகிறது.

ஐந்து பத்துக்குத் தொலைபேசி.
பிரசவ அறை. பிளாசிடா திக்கோனா.
தட்டணுக்கள் பதினாலாயிரம் என்கிறது திரை.
கத்தியோடு காத்திருக்கும் டாக்டர் உர்கிடி:
“எண்ணைச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.”
“இன்னும் எண் இல்லை” என்றேன்,
திரையில் அது கண் சிமிட்டிக்கொண்டிருக்க.

ஊதா மூடிக் குழாய். பெயர் சரி, பிறந்த தேதி சரி.
குச்சியை விட்டுப் பார்த்தேன், உறைகட்டி இல்லை.
ஒரு சொட்டு.
இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து
மூச்சு விடாமல் ஒரே தள்ளு.
நுனி இறகாய் மெலிந்தது.
சாயம் ஏறும் நிமிடங்களில்
தொலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

லென்ஸின் கீழே, இறகின் ஓரத்தில்,
காலை நாலு மணி மினிபஸ் நிறுத்தத்தில்
காற்றுக்கு ஒதுங்கி ஒருவரையொருவர் அணைத்து நிற்பவர்களைப்போல
கும்பல் கும்பலாகத் தட்டணுக்கள்.
குழாயின் மருந்து அவற்றைக் கட்டிப்பிடிக்க வைத்திருக்கிறது.
கும்பலைத் தலை எண்ணத் தெரியாது இயந்திரத்துக்கு.

நீலமூடிக் குழாயோடு நானே ஓடினேன்.
பிளாசிடா கேட்டாள்: “மறுபடியுமா?”
“மறுபடியும்தான், மன்னியுங்கள்.”
ஊசி நேராக மஞ்சள் பெட்டிக்குள்.
அதற்கு மூடி பொருத்தப் போய்த்தான் நிமியா
இருபத்தெட்டு நாள் மாத்திரை விழுங்கினாள்,
ஒவ்வொரு மாத்திரையோடும் பெயர் தெரியாத ஒருவரைத் திட்டிக்கொண்டு.

ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம்.
குழாயில் கலந்த திரவத்துக்காக ஒன்று புள்ளி ஒன்றால் பெருக்கு:
ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.
படித்துக் காட்டினேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
சொன்னார் டாக்டர், பல்லைக் கடித்தபடி.
“இதை முன்பே சொல்லியிருக்கலாம்.”

அவள் ஹீமோகுளோபினுக்கு இயந்திரம் சிவப்புக் கொடி காட்டுகிறது.
கடல்மட்டத்துக்காரர்கள் குறித்த எல்லை அது;
அதன் கணக்கில் இந்த ஊரே நோயாளி.
‘உயரத்துக்கு இது இயல்பு’ என்று ஓரத்தில் எழுதுகிறேன்,
இந்த வாரம் தொண்ணூறாவது தடவையாக.

மேசையைப் பிளீச்சால் துடைத்தேன்.
கேபிள் கார் ஓடத் தொடங்கிவிட்டது.
பெண் குழந்தையாம், ருஃபினோ வந்து சொன்னான்,
வரைபடத்தின் முன்னால் நின்றபடி.

பதிவேட்டில் எழுதினேன்:
எட்டு புள்ளிகள். ஒரே பக்கம்.
காரணம் இன்னும் தெரியவில்லை.
நேரம் ஆறு ஐம்பது.
கையெழுத்து.