பென்சில் கணக்கு

புதன் இரவு பதினொன்றேகாலுக்கு
மகாவலி பஸார் பார்க்க வந்தது.
பேக்கரியில் மா மூடை, சலூனில் நாற்காலி,
ஃபார்மஸியில் இருமல் மருந்து,
எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றும் வாங்காமல்
விடியற்காலை நாலு மணிக்குத் திரும்பிப் போனது.

நாவலப்பிட்டியில் இதற்கு அழ நேரமில்லை.
வாளி, விளக்குமாறு, பழைய சாரம்.
சேறு அள்ளுகிறவன் எந்தப் பாஷையில் ஏசுகிறான் என்று
அன்றைக்கு ஒருவரும் கவனிக்கவில்லை.
விமலசிரி தன் டயர்க்கடைப் பம்பை
கோயில் வாசலுக்கும் பள்ளிவாசல் படிக்கும்
முறை வைத்து இழுத்தான்,
டீசல் காசை மட்டும் இரண்டு பக்கமும் கறாராக வாங்கிக்கொண்டு.

எங்கள் போட்டோகொப்பிக் கடையில்
மெஷின் செத்திருந்தது. மூடியைத் திறந்தால் ஒரு தவளை.
முதலாளி கண்டியிலிருந்து போனில் கத்தினார்:
"மேசைக்கு மேல தூக்கி வைக்கத் தெரியாதா?"
மெஷின் நூற்றிருபது கிலோ.
நான் நாற்பத்தாறு.

பக்கத்துக் கடைக்குப் போனேன்.
ஜுனைதீன் நானா
கடன் கொப்பியை மடியில் வைத்தபடி
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார்.
ஊறிய கடலை சாக்கைப் பிளக்கப் பார்த்தது.

கொப்பி முழுக்க ஒரே நீலம்.
மகள் பேராதனையிலிருந்து கொண்டுவந்த ஜெல் பேனை,
"எவ்வளவு நல்லா ஓடுது பாருங்க வாப்பா" என்று கொடுத்தது.
ஓடித்தான் போயிருந்தது,
எட்டுத் தோட்டத்துப் பற்றோடும்
ரயில்வே குவாட்டர்ஸ் பால்மாக் கணக்கோடும்.

கரண்ட் இல்லை. சலவைக்கடைக் கரிப்பெட்டியை
இரவல் வாங்கி, தாளுக்கு மேல் பேப்பர் விரித்து
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
அப்போதுதான் கண்டேன்.
நீலத்துக்கு நடுவே சில பெயர்கள்
சாம்பல் நிறத்தில், ஆறு தொடாத மாதிரி.

பாரிசவாதம் வந்து படுத்த கண்டக்டர் லயனல்.
மகன் மறியலில் இருக்கும் பேச்சாயி.
மெஷினை அடகு வைத்த டெய்லர் அந்தோனிமுத்து.
எழுதும்போதே
கேட்கப் போவதில்லை என்று முடிவெடுத்து,
அழிக்க வசதியாய் எழுதப்பட்டவர்கள்.
மிஞ்சியது அவர்கள் கடன்தான்.

நானா எட்டிப் பார்த்தார். சிரிப்பா இருமலா தெரியவில்லை.
"ஆத்துக்குப் புத்தி இல்ல புள்ள" என்றார்.

அடுத்த தாள்.
தவமலர், போட்டோகொப்பி.
நாட்டரிசி இரண்டு கிலோ. டின்மீன். பிள்ளைக்கு பிஸ்கட்.
மார்ச்சிலிருந்து.
கத்தாரிலிருந்து பணம் நின்ற மாதம்.
யாருக்கும் நான் சொல்லவில்லை.
பென்சில்.

கரிப்பெட்டி ஓரிடத்தில் அதிக நேரம் நின்று
தாள் பழுத்தது.
"இத ஏன் நானா பென்சில்ல..."
"அண்டைக்கிப் பேனை கைக்கு எட்டல்ல."
ஆறு மாதமாகவா?
கேட்கவில்லை.
அவரும் கடலை மூடையை நகர்த்த எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை ஆட்கள் வந்து
தங்கள் கணக்கைத் தாங்களே சொன்னார்கள்.
ஹெட்மாஸ்டர் அறுநூறு குறைத்தார்.
தொலஸ்பாகை பஸ்ஸில் வந்த ஒருத்தி
சரியாக ஞாபகமில்லை, பாவம் எதற்கு என்று
நாற்பது கூட்டிச் சொன்னாள்.
பெரிய கடன்காரன் இரண்டு வாரம்
பாலத்துக்கு அந்தப் பக்கமாகவே நடந்தான்.
நானா சொன்னதைச் சொன்னபடி எழுதினார்.

என் முறை.
என் தாள் பழுப்பு வட்டத்தோடு அங்கேயே இருந்தது.
ஐந்நூறை வைத்தேன்.
"மிச்சத்தப் புதுக் கொப்பியில போடுங்க. பேனையால."

காதில் செருகிய பென்சிலை எடுத்தார்.
என்னைப் பார்த்தார்.
திரும்பச் செருகினார்.

லாச்சியைக் குடைந்து ஒரு போல்பொயின்ட்.
முதலில் எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கி, ஊதி, மறுபடி கிறுக்கி,
தவமலர், எட்டாயிரத்து நூற்றெழுபது,
அடுத்த பக்கத்திலும் பதிகிற அளவுக்கு
அழுத்தி.