பிணைச்சல் பக்கம்

எங்களில் ஒருவரிடமும் அப்படி ஒரு கார் இல்லை.
நழீம் விற்பது முச்சக்கரவண்டி ரயர்.
ஒக்கர்ஸ் வருவது கல்முனை பஸ்ஸில்.
நான் வந்து இறங்குவது
ஹோர்ன் வேலைசெய்யாத ஸ்கூட்டியில்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, பத்து மணி,
காத்தான்குடி ரயர்க்கடையின் பின்னறை.
ஒருவர் ஒரு படம் கொண்டுவர வேண்டும்.
முழுக் காரும் தெரிகிற படம் செல்லாது.
விலை பேசியவர் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்க வேண்டும்.

மட்காட்டின் வளைவொன்றை வைத்து
பேஜோ என்று சொன்னவர்கள் நாங்கள்.
வெள்ளத்தில் அமிழ்ந்த கூரையைக் கண்டு
வோல்ஸ்வேகனின் பின்கண்ணாடி அகலமான வருஷத்துக்காக
இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தவர்கள்.

இந்த முறை படம் யோகமலருடையது.
கச்சேரியில் காணிப் பிரிவு.
செத்துப்போன கோப்பொன்றின் நடுவில் ஒட்டிக் கிடந்ததாம்.
கோட்டைமுனையில் ஏதோ ஒரு கல்யாணம்:
மாலையோடு பாதி மாப்பிள்ளை,
கண்ணை மூடிவிட்ட சிறுமி,
இடது ஓரத்தில்
திறந்த கதவொன்றும் காரின் கால்வாசி முகமும்.

மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

‘சிம்கா’ என்றார் நழீம்
பூதக்கண்ணாடியைத் தொடாமலே.
‘அரோண்ட். கிறில்லைப் பாருங்க, மீச மாதிரி.’
‘மீசை எல்லாருக்கும் முளைக்கும்’ என்றாள் யோகமலர்.

ஒக்கர்ஸ் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.
அப்படிப் பிடித்தால்
கார் தன் பெயரை மறந்து
உடம்பை மட்டும் காட்டும் என்பது அவர் கட்சி.

இலக்கத்தகட்டில்
நடுவெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தார்.
தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது என்பதுகூடத் தெரிந்தது.
ஒருவரும் எதுவும் விளக்கவில்லை.
‘ஐம்பத்தெட்டு’ என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பிறகுதான் கதவு.
முன்கதவு, ஆனால் பிணைச்சல் நடுத்தூணில்.
கைபிடி பொனற் பக்கம்.
ஓடும்போது திறந்தால்
காற்றே பிய்த்துக்கொண்டு போகிற கதவு.

‘பியற்’ என்றார் ஒக்கர்ஸ். ‘ஆயிரத்து நூறு.’

‘ஸ்டூடியோக்காரன் நெகட்டிவை மாத்திப் போட்டிருப்பான்.’
‘மாத்திப் போட்டா இடது வலதாகும், நானா.
முன் பின்னாகுமா?’

எனக்கு அப்போது ஒரு கோழிக்கூடு ஞாபகம் வந்தது.

பெரியகல்லாற்றில் என் சகலன் குணசீலன்
சூறாவளி முடிந்த கிழமை
தென்னை விழுந்து கிடந்த வளவொன்றில் பொறுக்கிய தகரம்.
எத்தனை ஞாயிறு
நண்டுக்கால் கடித்தபடி அதற்கு எதிரே இருந்திருக்கிறேன்!

நாலு பேரும் பஸ் ஏறினோம்.
ஆரையம்பதி தாண்டும்வரை சிம்கா, பியற், சிம்கா.
களுவாஞ்சிக்குடியில் கொண்டக்டர் கேட்டான்:
‘என்ன, காணி வழக்கா?’

தவிட்டுச் சட்டியோடு குணசீலன் ஒதுங்கி நின்றான்.
சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் இளம்பச்சை.
கண்ணாடி ஏற்றும் பிடி இன்னும் சுற்றுகிறது,
ஏற்றுவதற்குத்தான் கண்ணாடி இல்லை.
ஒக்கர்ஸ் எச்சத்தில் முழங்கால் போட்டு
சாணால் அளந்தார்.
அவர் காற்சட்டை கோயிலுக்குப் போட்டுப் போனது.

‘கூட்டில பூட்டினவன்
எந்தப் பக்கமும் பூட்டலாம்’ என்றார் நழீம்.
‘இந்தப் பிணைச்சல் சாட்சி சொல்லாது.’

நியாயம்தான்.

யோகமலர் கொண்டையூசியைக் கழற்றினாள்.
பின்விளிம்பில் துருவைச் சுரண்டச் சுரண்ட
பழைய ஆணித்துளை ஒன்று.
கொஞ்சம் கீழே இன்னொன்று.

இது அந்தக் கதவா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குணசீலன் கொளுக்கியைத் தட்டினான்.
கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது.
உள்ளிருந்து ஒரு விடைக்கோழி
ஆளாளாக எங்களைப் பார்த்துவிட்டு
வலக்காலை முதலில் வைத்து
இறங்கிற்று.

‘சிம்கா’ என்றார் நழீம்,
மெதுவாக.