இதர செலவு

குணசீலன் பாஸ் மதிப்பீடு எழுதியது
என் மகளின் கணக்குக் கொப்பியில் கிழித்த நடுத்தாளில்.
சீமெந்து, மணல், முக்கால் அங்குலச் சல்லி,
ஏழு தகரம், குளியலறைக்கு வழுக்காத டயில்ஸ்.
கடைசி வரியில்,
இதர செலவு: நாலாயிரத்து ஐந்நூறு.

நான் முதலில் வெட்டியது அதைத்தான்.

இதர என்றால் என்னவென்று கேட்டேன்.
"இதரன்னா இதரதாம்மா" என்றார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டு ஹட்டனுக்குப் போனேன்.
மூன்று ஹாட்வெயார். மூன்றிலும் ஒரே கேள்வி:
பில்லோடயா, பில் இல்லாமலா?
மூன்றாவது கடையில் பிளேன்டீ தந்தார்கள்.
பாஸ் எழுதிய விலையைவிட
மூடைக்கு அறுபது ரூபா குறைவு.
திரும்பும் பஸ்ஸில், நோர்வூட் பாலம் தாண்டும்வரை,
அறுபதை இருபதால் பெருக்கிக்கொண்டே வந்தேன்.
ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறு.
களவைப் பிடித்துவிட்ட சந்தோசம்
சோற்றுப் பார்சல் மாதிரி மடியில் சுட்டது.

"சாமான் நான் வாங்குறேன் பாஸ்,
நீங்க கூலிய மட்டும் சொல்லுங்க."
"ஒங்க சாமான், எங்க கை" என்றார்.
அவ்வளவுதான்.

காலையில் வருவதாகச் சொன்ன லொறி
வியாழன் நாலரைக்கு வந்தது.
கோயில் வளைவுக்கு மேல் ஏறாது என்றான் டிரைவர்.
ஏறாதுதான். எங்கள் வீட்டுக்கு ரோடு இல்லை,
இருநூற்றுப் பன்னிரண்டு படி இருக்கிறது.
எனக்கு அது முப்பது வருடமாகத் தெரியும்.
வாங்கும்போது மட்டும் தெரியவில்லை.
இருபது மூடையையும் வளைவில் அடுக்கி
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.
எதிர்மலை அதற்குள் காணாமல் போயிருந்தது.
தேயிலை நிரை ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டு வந்தது.

ஒரு முழம் பொலித்தீன் இல்லை என்னிடம்.
கயிறு இல்லை. ஆள் இல்லை.
அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருந்ததென்று
வளைவில் நின்று ஒவ்வொன்றாய் எண்ணினேன்.

போன் எடுத்தபோது பாஸ் குளித்துக்கொண்டிருந்தாராம்.
தலை துவட்டாமல் வந்தார்.
பத்து மூடையைத் தனியாகத் தோளில் ஏற்றினார்.
மிச்சப் பத்துக்கு அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
பேச மூச்சில்லை.
கடைசி மூடை நூற்று நாற்பதாம் படியில்
என் பக்கம் கிழிந்தது.
பாதி அங்கேயே கொட்டியது.
முதல் துளிகள் அதில் குழி குழியாய் விழுந்தன.

விடிந்ததும் கேட்டேவிட்டேன்.
"மூடைக்கு அறுபது கூட வச்சீங்களே, ஏன்?"
"வச்சேன்தான்."
சாந்துக் கரண்டியைத் தட்டினார்.
"இருபது கடக்காரன் எனக்குத் தர்றது.
நாப்பது, நீங்க காசு பிந்தினா
நான் கடையில தலையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கிறதுக்கு."

வேலை முடிந்து அவர் தந்த துண்டில்
சுமை கூலி என்று தனிக் கணக்கு.
அவருக்குப் பதினைந்து மூடை.
கீழே என் பெயர்:
பூரணவல்லி, ஐந்து மூடை, அதே கூலி.
மொத்தத்தில் கழித்தும் இருந்தார்.

"ஐந்து பிழை" என்றேன்.
கூட்டிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார்,
பென்சில் மெதுவாகத்தான் காதிலிருந்து இறங்கியது.
"கடைசி மூடை பாதிதானே வந்து சேந்திச்சு.
என் பங்கு நாலே முக்கால்."

கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார்.
பிறகு தன்னுடைய பதினைந்தையும் வெட்டி
பதினாலே முக்கால் என்று எழுதினார்.

நூற்று நாற்பதாம் படியில் கொட்டியது
அன்றைய மழையில் அப்படியே இறுகிவிட்டது,
அவர் செருப்புத் தடத்தோடு.
எந்த மழைக்கும் அங்கே யாருக்கும் வழுக்குவதில்லை.

குளியலறையில் வழுக்குகிறது.
டயில்ஸ் நான் பார்த்து வாங்கியவை.