இடைக்காலத் தடை

ஜல்லியை ஒட்டி முளைப்பதை நான் தொடுவதில்லை.
கார்த்திகையில் களைக்கொல்லி வண்டி ஊர்ந்துபோன தடம்.
பச்சையாகத்தான் நிற்கும்,
நம்பக் கூடாது.

பறிப்பதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்,
சர்வே எண் இருநூற்றுப் பதினேழு, ஒன்று ஆ.
ஏழு வருசமாய் ஏர் இறங்காத ஒன்றரை ஏக்கர்.
வாதியும் உழக் கூடாது பிரதிவாதியும் உழக் கூடாது
என்று நாங்குநேரிக் கோர்ட்டில் சொல்லியாயிற்று.
ஆவாரைக்கு யாரும் சம்மன் அனுப்பவில்லை.
அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கிறது.
வரப்பு இருந்த இடத்தில் தும்பை.
உடைமுள்ளில் ஏறிய முசுமுசுக்கை,
தொட்டால் பூனை நாக்கு.

ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு எண் சொன்னார்,
நானும் ஒரு எண் சொன்னேன்,
நோட்டில் எழுதி கேட்டை இறக்கினேன்.
சரக்கு வண்டி மூன்றடைப்பில் நின்றுவிட்டதாம்.
இனி கலெக்டரே வந்தாலும் திறக்க முடியாது.

வந்தது லிங்கதுரை.
டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டு,
கழுத்தில் மப்ளர், சூளைப் புகை தின்ற இருமல்.
என் கொழுந்தன்.
பிரதிவாதி எண் இரண்டு.
"எப்பம் தொறப்பாவளாம்?"
என்று கம்பத்தைப் பார்த்துக் கேட்டான்.
நானும் கம்பத்துக்கே பதில் சொன்னேன்:
"வண்டி போனப் பெறவு."

இருமினான்.
மறுபடி இருமினான்.
புல்லுக்கட்டு குலுங்கியது.

அடுப்பில் என் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.
பூவின் மஞ்சள் முழுசும் இறங்கட்டும் என்று பொறுத்து
தும்பையைக் கிள்ளிப் போட்டேன்,
முசுமுசுக்கை நாலு இலை,
பல்லால் கடித்து உடைத்த மிளகு ரெண்டு
(அதை அவன் பார்க்கவில்லை),
கருப்பட்டி ஒரு சில்லு.
எனக்கென்று வைத்த அளவுதான்.
தண்ணீரைக் கூட்டியதில் கொஞ்சம் சப்பென்று ஆனது.

கேட் தூணின் மேல் டம்ளரை வைத்துவிட்டு
என் பக்கம் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவி அடங்கும்வரை அவன் எடுக்கவில்லை.
எடுத்தவன் மோந்து பார்த்தான்.
"இந்த எலையெல்லாம் எங்கன பறிச்சது, மைனி?"

ஏழு வருசத்துக்கு அப்புறம் அந்தச் சொல்.
அவனுக்கே தெரியாமல் வாய் தவறியிருக்கும்.

"வழக்குல" என்றேன்.

அவன் டம்ளருக்குள் பார்த்தபடி நின்றான்.
அதற்குள் தண்டவாளம் முனக ஆரம்பித்துவிட்டது.
பச்சைக் கொடியோடு வெளியே ஓடினேன்.
நாற்பத்தோரு பெட்டி, எல்லாம் நிலக்கரி,
முகத்திலெல்லாம் தூள்.
கார்டுக்குக் கொடி காட்டித் திரும்பி, எழுதி,
கேட்டைத் தூக்கியபோது
டிவிஎஸ் கிளம்பிவிட்டிருந்தது.

தூணில் டம்ளர் கவிழ்ந்திருந்தது.
குனிந்து பார்த்தேன்,
கீழே சிமெண்டு காய்ந்துதான் கிடந்தது.
இருமல் கொஞ்ச தூரம் கேட்டது,
குறைந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.
அன்றைக்கு எனக்குப் பகல் டூட்டி,
லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.