முன் ஓரம்

எக்ஸ்-ரேயில் பென்சில் வைத்துக்
கோடு இழுத்தார் டாக்டர் ந்தூலி,
கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து
கொத்தனார் குண்டு விட்டதுபோல, நேரே கீழே.
போன வருஷம் அது எனக்கு ஒரு சாண் முன்னால்
வெறுங்காற்றில் விழுந்தது.
இப்போது இடுப்பின்மேல்.
சாய்வு முப்பத்தொன்று பத்தொன்பதாகிவிட்டதாம்,
பாகையில்.
நான் தையல்காரி. அங்குலம்தான் எனக்குக் கணக்கு.

ஐந்தாம் எலும்பு நழுவியது எந்தக் கிழமையோ.
ஜேக்கப்ஸ் ஃபாக்டரிக்குப் போகும் பஸ்ஸில்
ஸ்கர்ட்டின் முன் ஓரம் படியில் தட்டியது.
துணியின் குற்றமென்று
அரை அங்குலம் ஏற்றித் தைத்தேன்.
மறு வருஷம் இன்னும் அரை.
உடம்பு குனியக் குனியத்
துணியை நிமிர்த்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் வீட்டில் இன்று
நான்கு திருகாணி, இரண்டு கம்பியோடு
கண்ணாடி முன்னால்.
கால்விரல்கள் தரையைக் கவ்வுகின்றன.
"பின்னால சாயாதே" என்கிறார் சத்தியசீலன்.
சாயவில்லை,
இதுதான் நேர்.

பச்சை ஸ்கர்ட் முன்னால் மட்டும் ஏறிக்கொண்டு
கெண்டைக்காலைக் காட்டுகிறது,
வேறொருத்தியிடம் இரவல் வாங்கியதுபோல.
அலமாரியில் இன்னும் பதினொன்று.

இருபது நிமிஷம்தான் உட்காரலாம்.
ஊசிமுனையால் பிரிக்கிறேன்.
வெட்டினேனா, மடித்தேனா?
கறுப்பு ஸ்கர்ட், வெட்டியிருக்கிறேன். போகட்டும்.
பச்சையில்
மடிப்புக்குள் ஓர் அங்குலம்,
வெயிலோ சோப்போ பார்க்காத பச்சை.
இறக்கித் தைத்தால்
பட்டையாய்த் தெரியும் தூரத்திலிருந்தே.

தெரியட்டும்.
நூலை வாயில் நனைத்துக்
குனியாமல்
ஊசியைக் கண்ணுக்கு உயர்த்துகிறேன்.