தேமாநறும்பூ

கோலா கெட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே
என் நகல் கடை.
அடைக்கிற நேரத்தில் அங்கப்பன் வந்தார்,
பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு தாள்.
வீட்டைக் காலி செய்கிறேன் என்று
கம்பனி எழுதி, அவர் ஒப்பமிட்டது.
கடைசி வரியில் ஒரு சொல்மேல்
லாயர் மஞ்சள் பூசியிருந்தார்.

"இத எப்படிம்மா சொல்றது?
நாளைக்கு லேபர் ஆபீசுல கேப்பாங்க.
நாட்டு வந்துருது.
அதுக்குப் பின்னாடிதான் நாக்கு மடங்குது."

மலாயில் இது சுக்காரேலா,
அவருக்குத் தண்ணிபட்ட பாடு.
தாளோ இங்கிலீஷில்.

கழித்த காகிதத்தின் முதுகில் பிளந்து எழுதினேன்:
வா. லன். டரி. லி.

"வான்னா தொடங்குது?"
சிரித்தார். கடைவாயில் ஒரு பல் இல்லை.
"போன்னு சொல்ற காயிதத்துல
வான்னு ஒரு சொல்லு."

கைப்பேசியைக் கேட்டோம்.
ஒரு குரல் முதல் அசையில் குத்தி
மிச்சத்தை விழுங்கியது.
இன்னொன்று மூன்றாவதில் ஏறி நின்று
டேர் என்று நீட்டியது.
"இதுல எந்த ஆளும்மா
என்கிட்ட கையெழுத்து வாங்குனது?"

எனக்குத் தெரிந்தது தமிழ் யாப்பு,
அதுவும் பரீட்சைக்குப் படித்த அளவு.
நேர் நேர் நிரை நேர்:
தேமாநறும்பூ.
வாய்ப்பாட்டில் இப்படி மணக்கிற சொல்லை வைத்துத்தான்
நாற்பத்தொரு வீட்டுக்குக் குழாயை அடைத்தார்கள்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.

அவர் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார்.
செம்பனைக் குலைக்குக் கழி அரிவாள் போடுகிறவர்,
ஒவ்வோர் அசைக்கும் அண்ணாந்து பார்த்து இழுத்தார்.
வா, விழுந்தது.
லன், விழுந்தது.
டரியில் மட்டை குறுக்கே நிற்கும்.
மறுபடி வா.
பாலிங் பஸ் போய்விட்டது.
அடுத்ததும்.

மறுநாள் சாயங்காலம்
மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார்.
"ஆபீசர் லீவாம். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."
யாரும் கேட்கவில்லை அந்தச் சொல்லை.
நேற்று எடுத்த நகலுக்கு
நானும் காசு கேட்கவில்லை.
மூடி திறந்திருந்த கண்ணாடிமேல்
மூன்று சில்லறையை வைத்தார்.
"வாலன்டரிலி" என்றார்,
எங்கேயும் குத்தாமல், எதையும் விழுங்காமல்.

எடுக்க மறந்துவிட்டேன்.
அடுத்து வந்த பெண்ணின் பிறப்புப் பத்திர நகலில்,
பெயருக்குப் பக்கத்தில்,
மூன்று கறுப்பு வட்டங்கள்.