சாய்கோடு

கராஜில் சுடுநீர்த் தொட்டி வெடித்த இரவு
தப்பியவை ஓர் ஏணி, இரண்டு டயர்,
ஓடாத வேக்குவம் கிளீனர்.
தப்பாதது காரின் டைட்டில்.
ஊறிய அப்பளமாய்க் கைக்கு வந்தது.
ஃபேனுக்கடியில் காயவைத்தேன்,
காய்ந்ததும் நொறுங்கியது.
பதினேழு இலக்கச் சேஸிஸ் எண்ணில்
ஒன்பது மிச்சம்.

கார் என்னவோ வாசலில் நலமாகத்தான் நிற்கிறது.
சாவி போட்டால் ஒரு தும்மல், அப்புறம் ஓட்டம்.
வாங்க வந்தவர் எஃப்ராயின்,
பாதாம் தோப்பில் மேஸ்திரி.
ஜனவரியில் மகள் டர்லாக்கில் காலேஜ் சேர்கிறாள்.
சட்டைப்பையில் இரண்டாயிரத்து முந்நூறு டாலர்
ரப்பர் பேண்டோடு.
காகிதம் இல்லை என்றதும்
பூட்டின வீட்டைப் பார்ப்பதுபோல
இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

மோடெஸ்டோ டி.எம்.வி.யில்
என் டோக்கன் ஜி நாற்பத்திரண்டு.
பதினொரு மணிவரை எஃப்-பையே கூப்பிட்டார்கள்.
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண்
நகத்துக்கொன்றாய்ப் பூசணிக்காய் வரைந்திருந்தாள்.
படிவத்தில் கட்டங்கள்:
தொலைந்தது, திருடுபோனது, சேதமானது.
கடைசியில் டிக் அடித்தேன்.
எப்போதிருந்து என்று கேட்க
அதில் கோடு இல்லை.

திரையை என் பக்கம் திருப்பினாள்.
முதலில் வந்த இளஞ்செழியன் முழுசாக இருந்தான்.
பின்னால் வந்த பூங்கோதைக்கு
இடம் போதாமல்
கடைசி எழுத்து வெளியே நின்றது.
நடுவில் ஒரு சாய்கோடு,
கொசுக்கால் அளவு.
'அல்லது' என்று இருந்தால் நீங்கள் ஒருவரே போதும்,
இதற்கு அர்த்தம் 'மற்றும்',
அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.
வாங்கின அன்று
எதைப் போடட்டும் என்று கேட்டார்களா?
கேட்டிருக்கலாம்.
டீலர் கடையின் ஓசிக் காப்பிக்குச்
சர்க்கரை தேடிக்கொண்டிருந்தோம்.

அவன் இருப்பது பேக்கர்ஸ்ஃபீல்டில், எட்டு வருஷமாய்.
ஆளுக்குப் பாதி தூரம் என்று முடிவாகி
ஃப்ரெஸ்னோவில் ஒரு கேஸ் ஸ்டேஷன்.
தலையில் நரை, காலில் புது ஷூ.
'நல்லாயிருக்கியா'வை இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் சொல்லி
இரண்டு பேரும் பதில் சொல்லாமல் விட்டோம்.
பானெட் மேல் படிவத்தை விரித்தான்.
இஞ்சின் சூடு காகிதத்தை வளைத்தது.
நான் கொடுத்த பேனா எழுதவில்லை.
என்னைக் கேட்காமல் கதவைத் திறந்து
க்ளவ் பாக்ஸில் டார்ச்சுக்கு அடியில் கைவிட்டு
ஒரு நீலப் பேனாவை எடுத்தான்.
அது அங்கே இருப்பது எனக்கே தெரியாது.
எழுதியது.

"இடப்பக்கக் கண்ணாடி இன்னும் சிக்குதா?"
"சிக்குது."
"வாங்குறவர்கிட்ட சொல்லிடு."
"சொல்லிட்டேன்."
சொல்லியிருக்கவில்லை.
மடேரா தாண்டுகிறவரை
எப்படிச் சொல்வது என்று
ஸ்பானிஷில் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன்.

நாலாவது வாரம் தபாலில் வந்தது,
மடிப்புக்கூட இல்லாத புதுசு.
எஃப்ராயினிடம் கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன்.
கதவில் முஷ்டியால் இரண்டு குத்து விட்டார்,
சரசரவென்று இறங்கிவிட்டது.
இத்தனை வருஷம் யாரும் அதை
அடித்துப் பார்க்கவில்லை.

வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தில்
தன் பெயரை எழுதி, மகள் பெயருக்கு முன் நிறுத்தி
நடுவில் என்ன போடட்டும் என்று கேட்டார்.
'அல்லது' போடுங்கள் என்றேன், சட்டென்று.
மரிசோலும் தலையாட்டினாள்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"என்னைக் கேக்காம வித்துட்டா?"
என்று சிரித்துக்கொண்டே
அழுத்தி ஒரு சாய்கோடு போட்டார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.
காரைச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து
க்ளவ் பாக்ஸ் வரை கொண்டுபோன கையை
மெதுவாக வெளியே எடுத்து
மன்னிக்கணும் என்றேன்
முன்சீட்டில் உட்காரக் காத்திருந்த அந்தப் பெண்ணிடம்.